மாமன் முறையைத் தேடிய வக்கீல்

சித்தப்பா மகளும் தாய்மாமன் மகளும் மரபணுக் கணக்கில் ஒருவனுக்குச் சம தூரம். இருவரில் யாரை எடுத்துக்கொண்டாலும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு அவனோடு பொது. ஆனாலும் சித்தப்பா மகள் தங்கை. அவளைக் கட்டிவைப்பது பற்றி யாராவது வாய்தவறிப் பேசினால்கூடச் சபையே முகம் சுளிக்கும். தாய்மாமன் மகள் முறைப்பெண். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பாட்டி பேசி முடித்துவிடுவாள். ரத்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

சட்டத்துக்கும் எடுத்த எடுப்பில் தெரியவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், அண்ணன் தங்கை பிள்ளைகள் மூவரையும் ஒரே வரியில் நிறுத்தி, இவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்றது. மாமனும் அக்கா மகளும் அதே தடைப் பட்டியலில்தான். பிறகு, வழக்காறு இடம் கொடுத்தால் செல்லும் என்று ஒரு விலக்கைச் சேர்த்தது. தென்னிந்தியாவில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு விலக்கின் பலத்தில்தான் சட்டப்படி குடும்பங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் உறவுக்குள் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள்.

இயற்கை போடாத இந்தக் கோட்டை யார் போட்டது? ஏன் சரியாக அந்த இடத்தில் போட்டார்கள்? அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு எது அடைபடுகிறது? மனிதக் கூட்டங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஆராயும் மானிடவியலில் ஒரு பெரும் பகுதி இந்த மாதிரிக் கேள்விகளிலிருந்துதான் முளைத்தது. அமெரிக்கர்கள் அதைப் பண்பாட்டு மானிடவியல் என்றார்கள், பிரிட்டிஷார் சமூக மானிடவியல் என்றார்கள். இன்று இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் இல்லை. அறிமுகப் பாடநூல்கள் பண்பாடு, சமூக அமைப்பு, சடங்கு, குறியீடு என்று வரையறைகளை அடுக்கிக்கொண்டே போகும். தேர்வு எழுத அது போதும். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தக் கருத்துகளெல்லாம் வழியில் தாமாக எதிர்ப்படும் என்பது என் அபிப்பிராயம். உறவுமுறையைப் பிடித்துக்கொள்வோம். அதில் நம் வீட்டுச் சரக்கும் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒரு வக்கீல் இருந்தார். பிறந்தது 1818. ரயில்பாதை, இரும்புச் சுரங்க முதலீடுகளைப் பார்த்துக்கொண்ட வசதியான ஆள். ஆல்பனி நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் ஈலி பார்க்கர் என்ற செனிகா இளைஞரைத் தற்செயலாகச் சந்தித்தார். செனிகாக்கள் இரோக்வா கூட்டமைப்பைச் சேர்ந்த பூர்வகுடிகள். அந்தச் சிநேகத்தின் வழியாக மார்கன் அவர்கள் வீடுகளுக்குள் போனார், 1851இல் இரோக்வா மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதி அதைப் பார்க்கருக்கே காணிக்கையாக்கினார்.

அங்கே அவரைக் குழப்பியது ஒன்று. செனிகாப் பிள்ளை அப்பாவின் அண்ணன் தம்பிகளையும் அப்பா என்கிறது, அம்மாவின் அக்கா தங்கைகளையும் அம்மா என்கிறது. அவர்கள் பிள்ளைகளெல்லாம் உடன்பிறந்தவர்கள். ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி வேறு, அப்பாவின் அக்கா தங்கை வேறு. அவர்கள் பிள்ளைகளும் வேறு. தமிழ் வாசகருக்கு இதில் அதிசயப்பட எதுவும் இல்லை. மார்கனுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் இது இரோக்வா மக்களின் தனி விநோதம் என்றுதான் நினைத்தார். 1858இல் சுப்பீரியர் ஏரிக்கரையில், மொழியால் துளியும் தொடர்பில்லாத ஒஜிப்வே மக்களிடம் அதே ஏற்பாட்டைக் கண்டதும் விஷயம் பெரிது என்று பட்டது. இருநூற்றுக்கும் மேற்பட்ட உறவுகளைப் பட்டியலிட்டு ஒரு கேள்வித்தாள் அச்சடித்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உதவியோடு அது உலகெங்கும் இருந்த மிஷனரிகளுக்கும் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கும் போனது. உங்கள் பகுதி மக்கள் தந்தையின் சகோதரி மகனை என்னவென்று அழைக்கிறார்கள், தாயின் சகோதரன் மனைவியை என்னவென்று அழைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்ட தாள் அது.

தமிழுக்கான பதில்கள் ஆற்காடு மிஷனில் இருந்த ஸ்கட்டர் குடும்பத்து மிஷனரிகளிடமிருந்து கிடைத்தன. பின்னாளில் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டருக்கு இவர்கள் பெரியப்பா முறை. அவர்களுடைய சொந்த மொழியில் வெறும் அங்கிள். மார்கன் தமிழ்ப் பட்டியலையும் செனிகாப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொற்கள் வேறு, வகுப்பு ஒன்று. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஒரு பக்கம். மாமா, அத்தை மறுபக்கம். பூமியின் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு மக்களிடம் இத்தனை சிக்கலான ஒன்று தற்செயலாகப் பொருந்துமா? பொருந்தாது என்று முடிவு கட்டினார். அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். அவர்களுடைய முன்னோர் ஆசியாவிலிருந்து போனது உண்மைதான். ஆனால் அதற்குத் தமிழ்ச் சித்தப்பாவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது தப்பு. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

இந்த ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1862இல் மிசௌரி ஆற்று வழியே பட்டியல் சேகரிக்கப் போயிருந்தபோது வீட்டில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். தகவல் வழியில்தான் கிடைத்தது. 1871இல் வெளியான அவரது பெருநூலில் நூற்றுக்கும் மேற்பட்ட மக்களின் உறவுப் பட்டியல்கள் இருக்கின்றன. உறவுமுறை என்ற தனிப் பாடப்பிரிவே அந்த நூலோடுதான் பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கனின் மனைவி மேரி எலிசபெத் ஸ்டீல் அவருக்குத் தாய்மாமன் மகள். மாமன் மகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர், தமிழ்ப் பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு மாமன் மகள் திருமணமே காரணமாக இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. அவருடைய ஊரில் அது இருவர் விருப்பத்தில் நடந்த கல்யாணம். நம் ஊரில் அது முறை. ஒரே செயல் ஓர் இடத்தில் தனிமனிதர் தேர்வாகவும் இன்னோர் இடத்தில் சமூக விதியாகவும் இருக்கும். அந்த விதியாக இருக்கும் பகுதியைத்தான் மானிடவியலார் சமூக அமைப்பு என்கிறார்கள்.

மார்கன் உலக உறவுமுறைகளை இரண்டாகப் பிரித்தார். ஐரோப்பியருடையது ஒவ்வொரு உறவையும் உள்ளபடி விவரிப்பது, ஆகவே இயல்பானது. மற்றவர்களுடையது பலரை ஒரே பெயரில் திரட்டுவது. தன் வீட்டு வழக்கத்தை இயற்கையாகவும் அடுத்தவர் வழக்கத்தை விலகலாகவும் காணும் இந்தப் பார்வைக்கு இனமையவாதம் என்று பெயர். முதலாண்டு மாணவர்கள் கற்கும் சொற்களில் முதன்மையானது அது. அமெரிக்க மானிடவியலுக்கு அடித்தளமிட்ட ஃப்ரான்ஸ் போவாஸின் மாணவர் ஆல்ஃபிரட் குரோபர் 1909இல் இதை எளிதாக உடைத்துப் போட்டார்: ஆங்கிலமும் திரட்டத்தான் செய்கிறது. அங்கிள் என்ற ஒற்றைப் பெயரில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர், சித்தி வீட்டுக்காரர் எல்லோரும் அடக்கம். எல்லா மொழிகளும் சிலரைச் சேர்த்தும் சிலரைப் பிரித்தும்தான் பார்க்கின்றன. எங்கே சேர்க்கின்றன, எங்கே பிரிக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஒரு சமூகத்தின் வழக்கத்தை அதன் சொந்தக் கணக்கை வைத்துப் புரிந்துகொள் என்பதே போவாஸ் பள்ளியின் பாடம். பண்பாட்டுச் சார்புவாதம் என்பார்கள். எல்லாமே சரி என்று தலையாட்டுவது என்று அதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு முதலில் புரிந்துகொள் என்பதுதான் அதன் பொருள்.

மார்கனின் இன்னொரு சறுக்கல் நம் இடதுசாரி வாசகர்களுக்குப் பரிச்சயமானது. சித்தப்பாவை அப்பா என்று அழைப்பது, யார் அப்பா என்றே தெரியாத கூட்டுமணக் காலத்தின் எச்சம் என்று அவர் ஊகித்தார். 1877இல் வந்த அவரது பண்டைய சமூகம் என்ற நூலை மார்க்ஸ் ஊன்றிப் படித்துக் குறிப்பெடுத்தார். அதன் அடிப்படையில் எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதினார். சொத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே முடிச்சு இருக்கிறது என்ற பகுதி இன்றும் நிற்கிறது. கூட்டுமணம் நிற்கவில்லை. சித்தப்பா என்று கூப்பிடும் எந்தக் குழந்தைக்கும் தன் அப்பா யார் என்பதில் சந்தேகம் இருப்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆட்களும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தார்கள் என்று நினைப்பது கேள்வித்தாளை மட்டும் பார்த்த கண்ணுக்குத்தான் தோன்றும்.

தமிழ் முறை வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு விதி போதும்: ஒரே பாலைச் சேர்ந்த உடன்பிறப்புகள் ஒரே பக்கம், எதிர்ப்பால் உடன்பிறப்புகள் எதிர்ப்பக்கம். அப்பாவும் அவர் தம்பியும் ஆண்கள், ஆகவே தம்பி அப்பா வரிசை, அவர் பிள்ளைகள் எனக்கு அண்ணன் தங்கைகள். அம்மாவும் அவள் தங்கையும் பெண்கள். சித்தி அம்மா வரிசை. சித்தியின் கணவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தமே இல்லை, ஆனால் அவர் சித்தப்பா. அவரை மாமா என்று கூப்பிட்டால் சித்தி சிரிப்பாள். அப்பாவின் தங்கை எதிர்ப்பால், ஆகவே அத்தை. அவள் கணவர் மாமா. அம்மாவின் அண்ணன் மாமா. அவர் மனைவி அத்தை. கல்யாணமானால் மாமனார் மாமாதான், மாமியார் அத்தைதான், மணப்பது முன்பின் தெரியாத பெண்ணாக இருந்தாலும். ஈழத்தில் அத்தைக்கு மாமி என்பார்கள், சில சாதிகளில் பெயர்கள் மாறும், கட்டுமானம் மாறாது.

இதனால் முழு உலகமும் இரண்டு வரிசையாகிவிடுகிறது: பங்காளிகள், மாமன் மச்சான்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டு அந்நியர்கள் முறை கண்டுபிடிப்பதைக் கவனித்தால் தெரியும். “நீங்க சின்னாளப்பட்டி ராமசாமிக்கு என்ன வேணும்?” “அவரு எனக்கு மச்சான் முறை.” “எனக்கு அவரு பங்காளி. அப்ப நீங்களும் நானும் மாமன் மச்சான்.” பொதுவாகத் தெரிந்த ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். பங்காளிக்குப் பங்காளி பங்காளி. மச்சானுக்கு மச்சான் பங்காளி. பங்காளிக்கு மச்சான் மச்சான். கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் பெருக்கினால் வரும் விடைகள் எப்படியோ அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத கிழவிகள் இந்தக் கணக்கை வெற்றிலை மடித்துக்கொண்டே போடுவார்கள்.

இப்போது மார்கனின் தப்புக்கு வரலாம். 1964இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்ற மொழியியலாளர் செனிகாவையும் தமிழ் வகையையும் இன்னும் ஒரு படி தள்ளிப் போய்ச் சோதித்தார். என் அப்பாவுக்கு ஓர் அத்தை மகன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அவர் மச்சான். ஆகவே எனக்கு மாமா, அவர் மகன் எனக்கு மச்சான், மகள் முறைப்பெண். செனிகாவில் அதே ஆள் அப்பா வரிசைக்குப் போய்விடுவார். அவர் பிள்ளைகள் எனக்கு உடன்பிறந்தவர்கள். முதல் படியில் ஒன்றுபோல இருந்த இரண்டு முறைகளும் இரண்டாம் படியில் பிரிந்துவிடுகின்றன. காரணம், செனிகாக்கள் மாமன் மகளை மணப்பதில்லை. நம்முடைய முறை தலைமுறை தோறும் இரு பக்கமும் பெண் கொடுத்து எடுப்பதை அடித்தளமாகக் கொண்டது. வௌவாலுக்கும் காக்கைக்கும் இறக்கை இருப்பதுபோல, தோற்றம் ஒன்று, வந்த வழி வேறு. மார்கனின் அட்டவணையிலேயே இந்த வேறுபாடு பதிவாகியிருந்தது. சிறு விலகல் என்று அவர் தாண்டிப் போய்விட்டார்.

கேள்வித்தாளின் போதாமையை முதலில் உணர்ந்தவர்களில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் ஒருவர். அவர் மருத்துவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் பார்வைத்திறன் சோதனைகள் செய்யப் போனார். குடும்ப வாகு உண்டா என்று பார்க்கக் குடிவழிகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களின் பெயர்களால் ஒரு வரைபடம் போடுவார். பிறகு, இந்தப் பெயருடையவரை நீ எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்பார். “உன் தந்தையின் சகோதரியின் மகன்” என்று கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் உடனே வரும். இன்றும் களப்பணி மாணவர்கள் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

1901–02இல் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்தார். அங்கே வாழும் பழங்குடிகளான தோடர்கள் அப்போது ஏறத்தாழ 800 பேர். ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள், பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், இருந்த காலம் அது. அப்படியானால் பிள்ளைக்கு அப்பா யார்? தோடர்களிடம் தெளிவான பதில் இருந்தது: வில் கொடுத்தவர். கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் மரம் ஒன்றில் மாடம்போல வெட்டி அதில் விளக்கு வைப்பார்கள். கணவர்களில் ஒருவர் செடிக் குச்சியை வளைத்து வில்லும் புல் தண்டில் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பார். அவள் அதை நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். அதோடு முடிந்தது, பிள்ளை அவருடையது, அவர் குலத்தைச் சேர்ந்தது. அடுத்தடுத்துப் பிறப்பவையும் அவருடையவையே, வேறொருவர் வில் கொடுக்கும் வரை. வில் கொடுத்தவர் செத்துப்போய்ப் பல ஆண்டு கழித்துப் பிறந்த குழந்தைக்கும் அவரே அப்பாவாக இருந்த செய்தியை ரிவர்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

உயிர் கொடுத்த தந்தை வேறு, சமூகம் ஏற்கும் தந்தை வேறு என்ற வேறுபாடு இப்படித்தான் பாடமாகியது. தோடர்களை விநோதப் பிறவிகளாகப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. தத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுபவரும், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தந்தை என்ற கட்டத்தை நிரப்புபவரும் செய்வது அதுதான். குச்சிக்குப் பதில் பேனா.

பட்டியலும் வரைபடமும் யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சொல்லும். அந்த உறவு என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குக் கூட இருந்து பார்க்க வேண்டும். போலந்தில் பிறந்த மானிடவியலார் மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையே நியூகினியை ஒட்டிய டிரோபிரியண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டு, அவர்கள் மொழியைக் கற்று வாழ்ந்தார். பங்கேற்று உற்றுநோக்கல் என்ற முறைக்கு அவரே முன்மாதிரி ஆனார். (சாகும்வரை அவர் வெளியிடாத சொந்த நாட்குறிப்பு 1967இல் அச்சானபோது, அவர் தீவு மக்கள்மேல் எத்தனை எரிச்சலோடு இருந்தார் என்று தெரிந்து பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்மேல் எரிச்சல் வராமல் யாரும் ஓர் ஊரில் குடியிருந்ததில்லை.)

அவர் கண்ட தீவில் பிள்ளைகள் தாய் குலத்தைச் சேர்ந்தவர்கள். சொத்தும் அதட்டலும் தாய்மாமனிடம்; அப்பா தூக்கிக் கொஞ்சும் சிநேகிதர். மகனுக்குத் தந்தைமேல் பகை எல்லா மனிதருக்கும் பொது என்று ஃப்ராய்ட் சொன்னதை இதை வைத்துத்தான் மலினோவ்ஸ்கி 1927இல் கேள்வி கேட்டார். பையனின் பயமும் பகையும் அங்கே மாமனை நோக்கி அல்லவா இருக்கின்றன? இதற்கு மூன்றாண்டு முன்பு பிரிட்டிஷ் மானிடவியலார் ராட்கிளிஃப்-பிரவுன் ஆப்பிரிக்காவின் தோங்கா மக்களை வைத்து மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். தந்தைவழிச் சமூகமான அங்கே அப்பா கண்டிப்பு; தாய்மாமன் வீட்டில் மருமகன் எதையும் எடுத்துத் தின்னலாம், கேலி பேசலாம், மாமன் பொறுத்துக்கொள்வார். மாமன் ஆண் வடிவில் இருக்கும் அம்மா என்பது அவருடைய விளக்கம்.

அந்த விளக்கம் நம் தாய்மாமனுக்குப் பொருந்துமா? காதுகுத்து விழாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர் அவர். மேளத்தோடு தட்டு வரிசை கொண்டு வருபவர் அவர். பெண் வயதுக்கு வந்தால் தென்னை ஓலையில் குச்சு கட்ட வேண்டியவர் அவர். மொய் நோட்டில் தாய்மாமன் மொய் முதலில் ஏறாவிட்டால் சண்டை வரும். பாசம்தான் காரணம் என்றால் சித்தியும் இத்தனை செய்ய வேண்டுமே? 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் வேறு விதமாகப் பார்த்தார். மாமனை அம்மாவின் அண்ணன் என்று மட்டும் பார்க்காதே, அப்பாவின் மச்சான் என்று பார். ஒரு வீடு பெண் கொடுத்தது, இன்னொரு வீடு எடுத்தது. அந்தச் சம்பந்தம் கல்யாணத்தோடு முடிவதில்லை; நிலம்போல அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. அப்பாவுக்கு மச்சானாக இருந்தவர் பிள்ளைக்கு மாமனாகிறார், மாமன் மகன் பிள்ளைக்கு மச்சானாகிறான். சீர் என்பது கொடுத்த வீடு எடுத்த வீட்டுக்குத் தொடர்ந்து செலுத்திக்கொண்டிருக்கும் கணக்கு. 1957இல் வந்த அவரது நூலும் கட்டுரையும் ரத்த வழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மானிடவியலாரைத் திருமண உறவின் பக்கம் திருப்பின.

மச்சான் கேலிக்குரியவன், பங்காளி மரியாதைக்கும் வம்புக்கும் உரியவன் என்ற நம் நடப்பும் இதில் விளங்கும். பங்காளியோடு பங்கு இருக்கிறது, ஆகவே வரப்புத் தகராறு இருக்கிறது. மச்சானோடு பங்கு கிடையாது, ஆனால் பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த இறுக்கத்தைக் கேலி தளர்த்துகிறது. உலகின் பல மூலைகளில் இப்படி அனுமதிக்கப்பட்ட கேலி உறவுகள் இருப்பதை ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதினார். கல்லூரி வாசலில் ஒருவரை ஒருவர் மச்சான் என்று அழைத்துக்கொள்ளும் பையன்கள் யாரும் அவரைப் படித்ததில்லை. பங்காளி என்று ஏன் அத்தனை பேர் கூப்பிட்டுக்கொள்வதில்லை என்று கேட்டால் யோசிப்பார்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு கதகதப்பு இருக்கிறது. துய்மோன் எழுத்திலும் அது உண்டு; அதனால்தான் அவரைப் பாராட்டும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். மாமன் மகள் கணக்கு போடப்படும் வட்டத்துக்குச் சுற்றுச்சுவர் ஒன்று இருக்கிறது. பங்காளிக்குள் கட்டாதே என்பது புறமணம். சாதிக்கு வெளியே கட்டாதே என்பது அகமணம். இரண்டையும் சேர்த்து வைத்துச் சாதியை விளக்கியவர் 25 வயது அம்பேத்கர். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், போவாஸின் மாணவர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை அது. புறமணம் இந்தியாவில் பழைய, ஆழமான வழக்கம். அதன்மேல் அகமணத்தை ஏற்றி வைத்தபோது சாதி உண்டானது என்றார். வட்டத்துக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமனாக இருந்தால்தான் அகமணம் நிற்கும். கணவன் செத்தால் விதவை உபரி. அவள் வெளியே மணந்தாலும் ஆபத்து, உள்ளேயே மணந்து கன்னிப் பெண்ணின் இடத்தைப் பிடித்தாலும் ஆபத்து. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, பெண் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் மூன்றும் இப்படி உபரியாகும் பெண்ணையும், மனைவியை இழந்து உபரியாகும் ஆணையும் சமாளிக்கக் கண்ட வழிகள் என்பது அவர் வாதம். துய்மோன் அலங்கரித்துக் காட்டிய அதே வீட்டின் பூட்டைக் கையில் எடுத்துக் காட்டியது போன்ற கட்டுரை. பாடநூல்களில் அது இன்றும் துய்மோனுக்குப் பின்னால்தான் நிற்கிறது. முறைப்பெண்ணை விட்டுவிட்டு வேறு சாதியில் காதலித்தவர்களுக்கு நம் மாவட்டங்களில் என்ன நடக்கிறது என்று செய்தித்தாள் படிப்பவர்கள் எது முன்னே வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த உறவுமுறைக்கு மானிடவியலில் இன்று திராவிட முறை என்றுதான் பெயர். பெயரை வைத்து இது நம் சொத்து என்று மார்தட்டினால் சிக்கல். சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. ஆனால் சிங்களர் உறவுமுறை இதே வகை, அவர்களும் மாமா என்பார்கள், மைத்துனனை மஸ்ஸினா என்பார்கள். மானிடவியலார் நூர் யால்மன் 1967இல் அதை விரிவாக எழுதினார். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி பார்க்கிறார்கள். வீடு மகளுக்குப் போகிறது. மாமன் மச்சான் கணக்கு அங்கேயும் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களிடமும், அமேசான் காட்டின் யானோமாமி, பியரோவா மக்களிடமும் இதன் நெருங்கிய உறவினங்கள் உண்டு. தமிழ்நாட்டு மண்ணை மிதிக்காத அந்த மக்களைப் பற்றிய ஆய்வுகளிலும் திராவிட முறை என்ற சொல் புழங்குகிறது. சின்னக் கூட்டங்கள் தமக்குள் பெண் கொடுத்து எடுத்து வாழ முற்படும்போது மனித மூளை திரும்பத் திரும்பக் கண்டடையும் விடைகளில் இது ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நிபந்தனை: இந்தக் கணக்கு ஓட உடன்பிறப்புகள் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் கீழே வந்து வெகுநாளாயிற்று. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளுக்குக் குழந்தை பிறந்தால் அதற்குத் தாய்மாமன் இல்லை. அப்போது அம்மாவின் சித்தி மகனோ பெரியப்பா மகனோ தட்டோடு வருகிறார். அவரும் அம்மாவுக்கு அண்ணன்தானே, ஆகவே மாமன்தான். யாரையெல்லாம் ஒரே பெயரில் திரட்டுகிறார்கள் என்று மார்கன் வியந்தாரே, அந்தத் திரட்டலில் இப்படி ஒரு கையிருப்பு இருக்கிறது. அடுத்த தலைமுறையில் அந்தக் கையிருப்பும் கரையும். அம்மாவோடு வேலை பார்க்கும் சிநேகிதர் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்துவதைச் சென்னையில் இப்போதே பார்க்கலாம். அவர் என்ன சாதி என்று யாரும் கேட்காமல் இருந்தால் அது ஒரு செய்தி, கேட்டால் இன்னொரு செய்தி. மொய் எழுதுகிறவர் அவர் பெயரை எந்த வரிசையில் ஏற்றுகிறார் என்பதை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது களப்பணி மாணவர்களின் வேலை.